லெமான் ஏரியில் நீராவிக் கப்பல்: லோசானிலிருந்து ஷியோன் கோட்டை வரை

சுவிட்சர்லாந்துக்கு வரும் உறவினர்களில் பெரும்பாலோர் ஜெனீவா நகரத்தின் உயர்ந்த நீரூற்றுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, லெமான் எனப்படும் ஜெனீவா ஏரியைப் பார்த்துவிட்டதாகக் கருதி அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது ஏரியின் ஒடுங்கிய மேற்கு முனையை மட்டுமே. உள்ளூர் மக்கள் சின்ன ஏரி என்று அழைக்கும் அந்தப் பகுதியின் ஆழம், மிக ஆழமான இடத்திலும் எண்பது மீட்டரை எட்டுவதில்லை. நியோன் நகரத்தையும் எதிர்க்கரையில் உள்ள இவ்வார் கிராமத்தையும் தாண்டிக் கிழக்கே போனால்தான் பெரிய ஏரி தொடங்குகிறது. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றான லெமானின் ஆழமும் அகலமும் மலைகளும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பகுதியை அறிந்துகொள்வதற்கு, லோசான் நகரத்தின் ஊஷி துறையிலிருந்து ஷியோன் கோட்டைக்குச் செல்லும் துடுப்புச் சக்கரக் கப்பலைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. இந்நாட்டில் வாழும் தமிழர்களும், அவர்களைப் பார்க்க வருபவர்களும் அதிகம் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் சேவை இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஏரியின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். பிறை வடிவில் வளைந்து கிடக்கும் லெமானின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் அறுபது விழுக்காடு சுவிட்சர்லாந்துக்கும் எஞ்சியது பிரான்சுக்கும் உரியது. நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 372 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிகப் பெரிய ஆழம் 310 மீட்டர் என்பதால், ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கு மேல் வெறும் அறுபது மீட்டர் உயரத்தில்தான் கிடக்கிறது. ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இவ்வளவு தாழ்வான பள்ளத்தைத் தோண்டியது ரோன் பனியாறு. பனியூழிக் காலங்களில் மலையிலிருந்து இறங்கிய அந்தப் பனியாறு, மலையடிவாரத்தின் மென்மையான மணற்பாறையை அரித்தெடுத்துப் பின்வாங்கியபோது, உருகிய நீர் அந்தப் பள்ளத்தில் தங்கியது. இன்றும் ரோன் ஆறே கிழக்கு முனையில் ஏரிக்குள் நுழைந்து, மேற்கே ஜெனீவாவில் வெளியேறுகிறது. ஏரியில் 89 கன கிலோமீட்டர், அதாவது 8,900 கோடி கனமீட்டர் நீர் இருக்கிறது. உள்ளே வரும் நீர் வெளியேறுவதற்குச் சராசரியாகப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. ஆனால் கரையோரத்தில் காணும் ஒவ்வொன்றும், திராட்சைத் தோட்டங்கள் முதல் மொந்த்ரூ நகரத்தின் பனைவகை மரங்கள் வரை, இந்த நீர்த்திரளின் விளைவே.

கப்பல்களை இயக்குவது சி.ஜி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம். 1873ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1823இல், இந்த ஏரியின் முதல் நீராவிக் கப்பலான 'கியோம் டெல்' ஓடத் தொடங்கியிருந்தது. இன்று நிறுவனத்திடம் உள்ள பழங்காலத் துடுப்புச் சக்கரக் கப்பல்கள் எட்டு. அவை 1904க்கும் 1927க்கும் இடையில் கட்டப்பட்டவை. மொந்த்ரூ, லா சுவிஸ், சவோய், சிம்ப்லோன், ரோன் ஆகிய ஐந்தும் நீராவியால் இயங்குகின்றன. வெவே, இத்தாலி, எல்வெசி ஆகிய மூன்றும் டீசல் எந்திரம் தரும் மின்சாரத்தால் சக்கரங்களைச் சுழற்றும் வகையைச் சேர்ந்தவை. எட்டையும் வரலாற்று நினைவுச் சின்னங்களாக 2011இல் வோ மாநிலம் அறிவித்தது. நினைவுச் சின்னம் என்றால் கயிறு கட்டித் தள்ளி நின்று பார்க்கச் சொல்வார்கள். இங்கோ ஒரு பயணச்சீட்டு வாங்கி அதில் ஏறி, காபி அருந்தி, அடுத்த ஊரில் இறங்கிவிடலாம். நூறு வயதைக் கடந்த கப்பல்களை அன்றாடப் பயன்பாட்டிலேயே வைத்துக் காப்பாற்றும் இந்த முடிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

நீராவியால் இயங்கும் ஐந்தில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். கால அட்டவணையில் எந்தப் பயணத்துக்குப் பழங்காலக் கப்பல் வருகிறது என்பது குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் பராமரிப்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ கப்பல் மாறக்கூடும் என்பதால், புறப்படும் நாளன்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. 1910இல் கட்டப்பட்ட லா சுவிஸ் 78 மீட்டர் நீளமுடையது. அதன் நடுப்பகுதியில் எந்திர அறைக்கு மேல் திறப்பு விடப்பட்டிருக்கிறது. கைப்பிடிக் கம்பியருகே நின்று குனிந்து பார்த்தால், பளபளப்பாகத் துடைக்கப்பட்ட எஃகுத் தண்டுகள் சாய்ந்த நிலையில் முன்னும் பின்னும் ஓடி, குறுக்கே கிடக்கும் பெரிய சுழல்தண்டைத் திருப்புவதைக் காணலாம். அந்தச் சுழல்தண்டின் இரு முனைகளிலும்தான் துடுப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்டுள்ளன. கப்பல் துறையை நெருங்கும்போது மேலிருந்து கட்டளை வர, எந்திரப் பொறியாளர் நெம்புகோலைத் திருப்ப, அவ்வளவு பெரிய தண்டுகள் மெல்ல நின்று எதிர்த்திசையில் சுழலத் தொடங்குகின்றன. பள்ளிப் பாடத்தில் நீராவி எந்திரத்தைப் படமாக மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. எந்திரத்தின் ஓசையும் மிகக் குறைவு. எண்ணெயும் சூடான உலோகமும் கலந்த வாசனைதான் அங்கு நிற்பவரை அதிகம் ஈர்க்கிறது. இப்போது கொதிகலனில் நிலக்கரி எரிக்கப்படுவதில்லை, எண்ணெயே எரிகிறது.

ஊஷியிலிருந்து ஷியோன் வரை செல்ல இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. ரயிலில் லோசானிலிருந்து, ஷியோனுக்கு அருகிலுள்ள மொந்த்ரூவுக்கு இருபது நிமிடங்களே போதும். அவசரமாகப் போக வேண்டியவர் ரயிலைப் பிடிக்கட்டும். கப்பல் போகும் பாதையில்தான் இந்த வட்டாரத்தின் அமைப்பு முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. கிழக்கு நோக்கிப் போகும்போது இடப்புறம் லவோ திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. லுத்ரி, குல்லி, சன் சஃபோரன் என்று சிறிய துறைகளில் நின்று நின்று செல்லும் கப்பலிலிருந்து பார்த்தால், நீர் விளிம்பிலிருந்து மலைச்சரிவின் உச்சி வரை கற்சுவர்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. நடுக்காலத்துத் துறவிகள் கட்டத் தொடங்கிய இந்தப் படிமுறைத் தோட்டங்களை யுனெஸ்கோ 2007இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இந்தச் சரிவுக்கு மூன்று சூரியன்கள் உண்டு என்பது இங்குள்ள விவசாயிகளின் வழக்கு: வானத்துச் சூரியன் ஒன்று, ஏரியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்று, பகலில் சூடேறி இரவில் வெப்பத்தை வெளிவிடும் கற்சுவர் ஒன்று. இவற்றோடு ஏரியின் ஆழத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடையில் பெற்ற வெப்பத்தை அவ்வளவு பெரிய நீர்த்திரள் எளிதில் இழப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பெரிய ஏரி உறைவதில்லை. கரையோரக் கொடிகளும் கடும் பனிக்குத் தப்புகின்றன.

வலப்புறக் காட்சி முற்றிலும் வேறானது. அங்கே பிரான்சின் சவோய் மலைகள் ஏறக்குறைய நீருக்குள்ளிருந்தே எழுந்து நிற்கின்றன. வீடுகளுக்கும் சாலைக்கும் ஒரு குறுகிய விளிம்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நீருக்கு மேலே உள்ள அந்தச் செங்குத்து நீருக்கு அடியிலும் தொடர்கிறது என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், ஏரியின் ஆழம் கண்ணுக்கே தெரிவதுபோல் ஆகிவிடும். பயணத்தின் முடிவில் வரும் ஷியோன் கோட்டையும் அப்படிப்பட்ட ஒரு பாறையின்மீதுதான் நிற்கிறது. கோட்டைச் சுவருக்கு வெளியே பாறை சட்டென்று ஆழத்துக்குச் சரிகிறது. இந்தப் பாதையைக் காத்து வணிகர்களிடம் சுங்கம் வாங்கிய சவோய் பிரபுக்களுக்கு, ஒரு புறம் மலையும் மறுபுறம் ஆழமும் இயற்கை அரண்களாக அமைந்தன. கோட்டையைப் பார்க்க ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். வழியில் வெவேயில் இறங்குபவர்கள் கரையோர நடைபாதையில் சார்லி சாப்ளினின் சிலையைக் காணலாம். 1953 முதல் 1977இல் இறக்கும் வரை அவர் அந்த ஊருக்கு அருகிலேயே வாழ்ந்தார்.

நேரம் உள்ளவர்கள் ஷியோனோடு நிறுத்திக்கொள்ளாமல், பூவரே வரை போகும் கப்பலைத் தேர்ந்தெடுக்கலாம். ரோன் ஆறு ஏரியில் கலக்கும் இடம் அதற்கு அருகில்தான் இருக்கிறது. பனியாறுகளிலிருந்து வரும் ஆற்றுநீர் குளிர்ந்தது, நுண்ணிய பாறைத்தூள் நிறைந்தது; ஏரிநீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே அது ஏரியின்மேல் பரவாமல், நுழைந்த சிறிது தூரத்திலேயே கீழே மூழ்கிவிடுகிறது. சாம்பல் நிற நீரும் நீல நீரும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும்; மீனவர்கள் அவ்விடத்தை பத்தயேர் என்று அழைக்கிறார்கள். மூழ்கிய ஆறு ஏரியின் அடித்தளத்தில் பத்து கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பள்ளத்தாக்கு ஒன்றை அறுத்திருக்கிறது. மேலே உல்லாசப் படகுகள் ஓடிக்கொண்டிருக்க, அடியில் கரைகளோடு கூடிய ஓர் ஆறு இருளில் ஓடுகிறது என்ற செய்தி என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அந்தக் கழிமுகத்துக்கு ஒரு கொடிய வரலாறும் உண்டு. கி.பி. 563இல் ரோன் பள்ளத்தாக்கில் ஒரு மலைப்பகுதி சரிந்து விழுந்ததையும், அதைத் தொடர்ந்து ஏரி பொங்கிக் கரையோரக் கிராமங்களை அழித்ததையும், ஜெனீவாவில் பாலமும் ஆலைகளும் அடித்துச் செல்லப்பட்டதையும் அக்கால வரலாற்று ஆசிரியர்களான தூர் நகரத்து கிரகோரியும் அவான்ஷ் நகரத்து மாரியுஸும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏரியின் ஆழ்பகுதியில் பரவிக் கிடக்கும் பெரிய வண்டல் படிவம் ஒன்றை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நிகழ்வோடு இணைத்து 2012இல் விளக்கினார்கள்: மலைச்சரிவின் தாக்கத்தால் கழிமுகத்தின் வண்டல் ஏரிக்குள் சரிந்து, பேரலையை எழுப்பியிருக்க வேண்டும். சுனாமி என்ற சொல்லின் வலியை அறிந்த நம்மவர்களுக்கு, கடலே இல்லாத ஒரு நாட்டில் இப்படி நடந்திருப்பது கவனத்துக்குரியது.

ஆழத்தின்மீதே பயணம் செய்ய விரும்புபவர்களுக்கு வேறொரு பாதை இருக்கிறது. லோசானிலிருந்து எதிர்க்கரையில் உள்ள பிரான்சின் எவியான் நகரத்துக்கு ஏறத்தாழ 35 நிமிடங்களில் கடந்து போகும் படகுகள், ஏரியின் மிக ஆழமான பகுதியைத் தாண்டியே செல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நவீனப் படகுகள். பிரான்சில் வசித்துக்கொண்டு லோசானில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோர் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்கும் அன்றாடச் சேவை அது. இந்தப் பாதையில்தான் 1883 நவம்பரில் 'ரோன்' என்ற பழைய நீராவிக் கப்பல் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. ஏறத்தாழ முந்நூறு மீட்டர் ஆழத்தில் நூறாண்டுகள் கிடந்த அதை, 1984இல் ஆழ்கடல் ஆய்வாளர் ஜாக் பிக்கார் தமது சிறிய நீர்மூழ்கியைக் கொண்டு கண்டறிந்தார். இன்று ஓடும் ரோன் அதன் பெயரைத் தாங்கியது. இதே பிக்கார்தான் 1964இல் லோசானில் நடந்த தேசியக் கண்காட்சிக்காக, நாற்பது பயணிகளை ஏற்றிச் செல்லும் நீர்மூழ்கிக் கப்பலை வடிவமைத்தார்; முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் அதில் ஏறி இந்த ஏரியின் அடிப்பகுதிக்குப் போய் வந்தார்கள். அந்தக் கப்பல் இப்போது லூசெர்ன் நகரத்தின் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட பயணம் மீண்டும் தொடங்கினால் முதல் வரிசையில் நிற்க நான் தயார்.

ஏரியில் நீந்துவதும், படகு வாடகைக்கு எடுப்பதும், பாய்மரப் படகு ஓட்டுவதும் இங்கு கோடைகாலத்தின் இயல்பான பொழுதுபோக்குகள். லோசானின் பெல்ரீவ் ஏரிக்கரைப் பூங்கா போன்ற நீச்சலிடங்கள் குடும்பத்தோடு செல்லத் தக்கவை. ஆனால் ஆழமான ஏரியின் இயல்பை அறியாமல் நீரில் இறங்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வடகிழக்கிலிருந்து வீசும் பீஸ் காற்று, வெப்பமான மேல்நீரை ஒரு பக்கமாகத் தள்ளிவிட, அடியிலிருந்த குளிர்நீர் கரையோரத்தில் மேலெழுகிறது. முதல் நாள் இதமாக இருந்த நீர் மறுநாள் பல பாகைகள் குளிர்ந்துவிடும். ரோன் பள்ளத்தாக்கிலிருந்து வோதேர் காற்று இறங்கும்போது, மொந்த்ரூ பக்கத்து அமைதியான நீர் குறுகிய நேரத்தில் அலைகளாக மாறுகிறது. நீரின் இத்தகைய அசைவுகளை முதன்முதலில் முறையாக அளந்தவர், மோர்ஜ் நகரத்தில் பிறந்த ஃபிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபொரேல். தொட்டியை அசைத்தால் நீர் இரு பக்கமும் மாறி மாறி ஏறி இறங்குவதைப்போல, காற்றழுத்தம் மாறும்போது ஏரி முழுவதுமே ஆடுகிறது என்றும், ஒரு முழு ஆட்டத்துக்கு 73 நிமிடங்கள் அளவில் ஆகிறது என்றும் அவர் காட்டினார். ஏரிகளை ஆராயும் அறிவியல் துறைக்கே அவரைத்தான் தந்தை என்கிறார்கள்.

கரையைச் சுற்றிலும் புயல் எச்சரிக்கை விளக்குகள் நிறுவப்பட்டிருக்கின்றன. செம்மஞ்சள் விளக்கு நிமிடத்துக்கு நாற்பது முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும் என்றும், தொண்ணூறு முறை மின்னினால் புயல் நெருங்கிவிட்டது, உடனே கரைக்குத் திரும்ப வேண்டும் என்றும் பொருள். மிதிபடகு வாடகைக்குக் கொடுக்கும் கரையோரக் கடை ஒன்றில், என்னோடு வந்த பிள்ளைகளுக்கு மிதவை உடையைக் கொடுத்தார்களே தவிர, இந்த விளக்குகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடையின் பெயர் இங்கு தேவையில்லை. ஆனால் நீச்சல் தெரியாத சுற்றுலாப் பயணிகள் பலர் வரும் இடத்தில் இந்த விளக்கம் தராமல் படகை அவிழ்த்துவிடுவது பெரும் கவனக்குறைவு. வாடகைக்கு எடுப்பவர்கள் தாங்களாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஏரி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கப்பலில் ஏறுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். இரு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேருக்குக் குடிநீர் இதிலிருந்தே எடுக்கப்படுகிறது. 1970களில் சலவைத்தூளிலும் உரத்திலும் இருந்த பாஸ்பரஸ் கலந்து ஏரி பெரிதும் கெட்டிருந்தது. கழிவுநீர் நிலையங்களாலும் சலவைத்தூளில் பாஸ்பரஸ் சேர்க்க விதிக்கப்பட்ட தடையாலும் மீண்டது. இப்போது வேறு கவலைகள் வந்திருக்கின்றன. கடுங்குளிர் நிலவும் ஆண்டுகளில் மேல்நீர் குளிர்ந்து அடிவரை இறங்கி ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும். அப்படி முழுமையாகக் கலந்தது 2012இல். அதன் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக அது நிகழவில்லை. குளிர்காலங்கள் மிதமாகிவிட்டதே காரணம். 2015இல் கண்டறியப்பட்ட குவாகா என்னும் அயல்நாட்டுச் சிப்பி ஆழத்திலும் பரவி, நீரெடுக்கும் குழாய்களை அடைக்கிறது. படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு ஏரிக்கு ஏரி தாவுவதால், சொந்தப் படகை வேறோர் ஏரிக்குக் கொண்டுபோகிறவர்கள் அதை நன்கு கழுவிய பின்பே இறக்க வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, எந்தச் சலுகையும் இல்லாமல் முழு விலை கொடுத்து வாங்கினால் குடும்பத்துக்குக் கணிசமான செலவு ஆகும். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இந்தக் கப்பல்களும் அதிலேயே அடங்கும். இங்கு வசிப்பவர்கள் அரைக்கட்டண அட்டையைப் பயன்படுத்தலாம். பழங்காலக் கப்பல்களில் முதல் வகுப்பு என்பது மேல்தளம். கூடுதல் கட்டணத்துக்கு அது தகும் என்றே சொல்வேன், குறிப்பாகக் கோடை விடுமுறையின் வார இறுதிகளில். அப்போது கீழ்த்தளத்தில் உட்கார இடம் கிடைப்பது கடினம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு மேல்தளத்துப் படிகள் சிரமம் தரும், அவர்கள் கீழேயே முன்பகுதியில் அமர்வது நல்லது. கப்பல் உணவகத்தில் ஏரி மீனும் பிற உணவும் நன்றாகவே சமைக்கப்படுகின்றன. விலை, சுவிட்சர்லாந்து உணவகங்களுக்கே உரிய விலை. சைவ உணவு உண்பவர்களுக்குத் தேர்வு குறைவு என்பதால், சாப்பாட்டை ஷியோனுக்குப் போய்ச் சேர்ந்தபின் கரையில் வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன்.

பயணத்தைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். லவோ சரிவு தெற்கும் தென்மேற்கும் நோக்கியது என்பதால், மதியத்துக்குப் பின்தான் கற்சுவர்கள் ஒளிபெற்றுத் தெளிவாகத் தெரியும். போகும்போது கப்பலிலும் திரும்பும்போது ரயிலிலும் வருவது பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஜெனீவாவிலிருந்து லோசானுக்குக் கப்பலில் வருவதைச் சிறுபிள்ளைகளோடு பயணம் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றரை மணி நேரம் நீடிக்கும் அந்தப் பாதையில் மலைகள் தொலைவிலேயே இருக்கின்றன. குளிர்காலத்தில் பயணங்கள் மிகவும் குறைந்துவிடுவதால், மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரையே சிறந்த காலம். எவியானுக்கோ இவ்வாருக்கோ கடந்து செல்பவர்கள் நாட்டு எல்லையைத் தாண்டுகிறார்கள் என்பதால், கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்; சுவிட்சர்லாந்துக்கு மட்டும் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி வைத்திருப்பவர்கள், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தங்கள் அட்டையின் நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.